இரண்டு மார்க் தப்பாட்டம்

மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் தங்கச்சி மகள் தமிழ்ப் பாடம் உருப்போட்டுக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. ஆறாவது இயலில் 'நிகழ்கலை' என்று ஒரு பாடம். கரகாட்டம், மயிலாட்டம், ஒயிலாட்டம், தேவராட்டம், புலியாட்டம், தெருக்கூத்து என்று வரிசையாக வருகிறது. இடையில் தப்பாட்டம். தப்பு எப்படி இருக்கும், எதனால் செய்வார்கள், எங்கெங்கே அடிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள்.

பக்கத்தில் என் அப்பா. முப்பது வருசம் தப்பட்டை அடித்த மனுசன். காது இப்போது கொஞ்சம் மந்தம்.

'ஏங்கண்ணு, இதுக்கு எத்தன மார்க்கு?'

'சின்னக் கேள்வின்னா ரெண்டு மார்க்கு, தாத்தா.'

'பரவால்ல. நாங் குச்சி புடிச்ச காலத்துல ஒரு சாவுக்கு எட்டணாதான்.'

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே இயலில் அகப்பொருள் இலக்கணமும் இருக்கிறது. கருப்பொருள் அட்டவணையில் ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு மணமுழாவும் நெல்லரிகிணையும், நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. அட்டவணையை மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்குகிற பிள்ளை, அதில் ஒன்றைக்கூடப் பள்ளிக்கூடத்துக்குள் தொட்டுப் பார்த்ததில்லை. அவளுக்குப் பாட்டு பீரியடே கிடையாது. பறை புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. பறை அடித்தவர் திண்ணையில் உட்கார்ந்து மார்க் விசாரிக்கிறார்.

நான் படித்த பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அரசுப் பள்ளி. 2001, ஏழாம் வகுப்பு. டைம்டேபிளில் வியாழக்கிழமை கடைசி பீரியடு 'பாட்டு' என்று போட்டிருக்கும். பாட்டு வாத்தியார் ஒருநாளும் வந்ததில்லை. அப்படி ஒருத்தர் இருந்தால்தானே வருவதற்கு. கணக்கு வாத்தியார் வருவார். பாட்டு பீரியடில் நான் கற்றது தனிவட்டியும் கூட்டுவட்டியும். அதுதான் இன்றைக்கு வங்கி கவுன்டரில் உட்கார வைத்துச் சோறு போடுகிறது என்பது வேறு விசயம்.

ஆண்டு விழா வந்தது. ஒரு ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்து எங்கள் தெருப் பசங்க நாலு பேரை மட்டும் எழுப்பினார். சரியாக நாலு பேர். 'ஏன்டா, உங்கூட்டுல மோளம் இருக்குமல்ல? நாளைக்கு எடுத்தாந்துருங்க. ஆபீசர் வர்றாரு.' அவர் கெட்ட மனுசன் இல்லை. எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதாகத்தான் நினைத்தார். நான் வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: 'பள்ளிக்கோடம் போறது கொட்டு அடிக்கறதுக்காடா? அதுக்கு எங்கூட வந்தாக் காசாச்சும் குடுப்பாங்க.'

நான் கொண்டுபோகவில்லை. மற்ற மூன்று பேரும் கொண்டுவந்தார்கள். கக்கூசுக்குப் பின்னால் காகிதத்தைக் கொளுத்தித் தோலைக் காயவைத்தார்கள். கேட்டிலிருந்து மேடைப் படி வரை அடித்துக்கொண்டே போனார்கள். படியோடு நிறுத்தச் சொல்லியாயிற்று. மேடையில் ஐந்து பெண் பிள்ளைகள் சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்து கடவுள் வாழ்த்துப் பாடினார்கள். வீட்டில் தனியாக டீச்சர் வைத்துப் பாட்டுக் கற்றவர்கள். நன்றாகத்தான் பாடினார்கள். அவர்களுக்குப் பரிசு, இவர்களுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய். அங்கே பரிசு, இங்கே கூலி. எனக்கு மறுநாள் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்கும் தண்டனை.

இருபத்தைந்து வருசம் ஓடிவிட்டது. என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்போம்.

2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. ஆறு முதல் எட்டு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக்கும் உடற்கல்விக்கும் கைத்தொழிலுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்கவேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. அதை வைத்து 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரைநாள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், தோட்டக்கலை, இசை என்று எல்லாம் அந்த ஒரே கூடைக்குள். சம்பளம் 2021இல் 10,000 ஆனது, 2023இல் 12,500 என்று அறிவித்தார்கள். மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பதை எதிர்த்து அவர்கள் வருசக்கணக்காகத் தெருவில் நின்றிருக்கிறார்கள். மே மாதம் வாத்தியாருக்கு வயிறு இருக்காது என்று எந்தக் கோப்பில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை. 2017இல் சிறப்பாசிரியர் பணிக்குத் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியது. மொத்தம் 1,325 இடம். அதில் இசைக்கு 86. மாநிலம் முழுக்க 86.

சரி, அந்த 86 பேர் யாராக இருக்க முடியும்? இங்கேதான் தோழர்கள் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இசை ஆசிரியராக, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் 'இந்திய இசை' கீழ்நிலை, மேல்நிலை தேறிய சான்றிதழோ இசைக்கல்லூரிப் பட்டயமோ வேண்டும். இந்திய இசை என்றால் எது? சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கிருதி. மாயாமாளவகௌளையில் ஆரம்பித்து ஏறவேண்டிய ஒரே ஏணி. இந்த ஏணியை யாரும் வானத்திலிருந்து இறக்கவில்லை. 1927 சென்னைக் காங்கிரஸ் மாநாட்டோடு கூடிய இசை மாநாடு, 1928இல் மியூசிக் அகாதமி, பிறகு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சாம்பமூர்த்தி தொகுதி தொகுதியாக எழுதிய பாடநூல்கள் என்று, ஒரு நகரத்தின் சில தெருக்களில் இருந்த பாட்டு படிப்படியாக மாநிலத்தின் சிலபஸ் ஆயிற்று. அதை எதிர்த்து வந்த தமிழிசை இயக்கம் பெரிய காரியம்தான். 1929இல் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி, 1943இல் தமிழ் இசைச் சங்கம். ஆனால் அவர்கள் கேட்டது பாட்டின் மொழி மாறவேண்டும் என்று. தெலுங்குக் கீர்த்தனை இருந்த இடத்துக்குத் தேவாரப் பண் வந்தது. மேடைப் படி அங்கேயேதான் இருந்தது.

கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் 17 இருக்கின்றன. நமக்குப் பக்கம் சேலத்திலும் ஈரோட்டிலும். குரலிசை, பரதம், வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம் என்று ஏழு பாடம் மூன்று வருசம் நடக்கும். அந்த ஏழில் பறை இல்லை. அண்மை வருசங்களில் வாரக் கடைசியில் நாட்டுப்புறக் கலைப் பயிற்சி என்று தனி மையங்கள் தொடங்கியிருக்கிறார்கள். நல்லது. ஆனாலும் வாரக் கடைசிதான்.

மிருதங்கம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அதன் தோல் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும். அதைப் பதம் பார்த்து வெட்டிப் பூட்டுகிற கைகள் பெரும்பாலும் நம்முடையவை. டி.எம். கிருஷ்ணா 2020இல் அந்தத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டுக்கு இடம் கொடுத்த கலாக்ஷேத்திரா கடைசி நேரத்தில் இடமில்லை என்றது. தோல் உள்ளே போகலாம். தோலைப் பற்றிய பேச்சு போகக்கூடாது.

பறையை அரசாங்கத்துக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. நன்றாகத் தெரியும். 1990களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போனபோது ஆளைக் கூட்டியது பறைதான். 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது கலைக்குழுக்கள் பறையோடுதான் தெருவுக்கு வந்தன. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூப்பிடப் பறை வேண்டும். பிள்ளை உள்ளே போனதும் கேட்டைச் சாத்திக்கொள்வார்கள், பறை வெளியே. 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் கடிதம் அனுப்பினார். சரியான உத்தரவு, வரவேற்கிறோம். அந்த இழிவைத் துடைத்த கையோடு, அதே கருவியைப் பாடமாகக் கற்றுக்கொடுக்கும் வேலையையும் தந்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி. கலையரசன், கலையரசி பட்டம். நம் பிள்ளைகள் பறையோடு மேடை ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். படியோடு நிறுத்தவில்லை. அந்த நிமிசம் எனக்குத் தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை. ஆனால் வருசத்துக்கு ஒரு போட்டி பாடம் ஆகாது. கற்றுக்கொடுக்க ஆள் போடாமல் போட்டி மட்டும் வைத்தால் என்ன நடக்கும்? வீட்டில் ஏற்கெனவே தெரிந்த பிள்ளையைத் தேடுவார்கள். பாட்டுக்கு எந்தத் தெரு, பரதத்துக்கு எந்தத் தெரு, பறைக்கு எந்தத் தெரு என்று ஆசிரியருக்குத் தெரியும். நல்லெண்ணத்தோடு தேடினாலும் 2001இல் எழுப்பிய அதே நாலு பேரைத்தான் எழுப்புவார்கள்.

இதை எழுதும்போது 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது மனசில் வந்து நிற்கிறது. படிக்கிற பிள்ளையை வீடு தேடிப் போய் வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு போட்டார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கயிறு கட்டாதே, பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம் என்றெல்லாம் சொன்னது. சரி. கயிறு கட்டாமலே பையனின் சாதி தெரிகிற ஒரு வகுப்பறைக்குள் பறையைக் கொண்டுபோகச் சொல்கிறோம் நாம். அதில் என்ன ஆபத்து என்று நாமும் யோசிக்கவேண்டாமா?

யோசிக்கச் சொல்லி ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கடிதம் எழுதியிருந்தார். 'அண்ணா, எங்க அப்பா இப்பத்தான் குச்சியக் கீழ போட்டார். மறுபடி எடுக்கச் சொல்றீங்களா?' இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. செத்த மாட்டை இழுக்காதே என்று அண்ணல் சொன்னார். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லி இயக்கமே நடத்தினார். குச்சியைக் கீழே போட்டதற்காக அடிவாங்கிய, தண்ணீர் மறுக்கப்பட்ட, ஊரைவிட்டு விலக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் நாம். இன்னொரு பக்கம், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பரட்டை அண்ணன், அதாவது தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டைத்தான் விடுதலையின் மொழி என்று பாடமாகவே நடத்தினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில், குச்சியைத் தொடவே விடாத பெண் பிள்ளைகள் கையில் பறை கொடுத்தார் சகோதரி சந்திரா. 2017இல் மெரினாவில் பறை கேட்காத நாள் இல்லை. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

எது சரி? இரண்டும் சரி. கட்டாயத்தில் அடிப்பதை நிறுத்தியதும் சரி, விருப்பத்தில் எடுத்ததும் சரி. சாவு வீட்டில் என் அப்பா அடித்தது கலைக்காக இல்லை. மறுத்தால் மறுநாள் காட்டில் வேலை கிடைக்காது என்பதற்காக. அந்தப் பயம் இருக்கிற ஊரில் 'ஆதித் தமிழன் இசை' என்று முழங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. நாமக்கல், சேலம் பக்கம் அருந்ததியர் வீடு பாதிக்கு மேல் அப்படித்தான். உள் ஒதுக்கீடு என்று பேச்சு வந்தால் எங்களை வந்தேறி என்கிற சிலர், எங்கள் தப்பட்டையை மட்டும் தமிழனின் ஆதி அடையாளம் என்று தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். கருவி வேண்டும், ஆள் வேண்டாம்.

அதனால் நான் கேட்பது கருவியை மட்டும் இல்லை. ஆளோடு சேர்த்துக் கேட்கிறேன்.

வெளியே ஒரு சின்ன நாட்டைப் பாருங்கள். டிரினிடாட். அடிமைகளாகக் கொண்டுபோன ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகள் முரசு அடிக்கக்கூடாது என்று 1880களில் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். அவர்கள் மூங்கிலை வெட்டித் தரையில் தட்டினார்கள். 1930களில் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா. பிறகு எண்ணெய் பேரல். பேரலின் அடித்தட்டைக் குழிவாக அடித்து, ஒவ்வொரு குழிக்கும் ஒரு சுரம் பிடித்து, ஒரு புது வாத்தியத்தையே உண்டாக்கினார்கள்: ஸ்டீல்பான். வாசித்தவனை ரவுடி என்றார்கள், போலீஸ் துரத்தியது. 1992இல் அதுதான் நாட்டின் தேசிய வாத்தியம். கல்வி அமைச்சகமே பள்ளிகளில் கற்றுக்கொடுக்கத் திட்டம் போட்டது. 2023இல் ஐ.நா. ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் நாள் என்று அறிவித்தது. அங்கேயும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் சேரியின் வாத்தியம் வகுப்பறைக்குள் போக முடியும் என்பதற்கு ஒரு நாடே சாட்சியாக இருக்கிறது.

'பறைக்குச் சிலபஸ் எங்கே இருக்கு?' என்று ஒரு இசைப் பட்டதாரி என்னிடம் கேட்டார். நல்லவர், தெரியாமல் கேட்டார். இருக்கிறது ஐயா. மூன்று மரத்துண்டைச் சேர்த்த வட்டச் சட்டம், புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய தோல். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சி. நெருப்பில் காட்டினால் ஈரம் போய்த் தோல் இறுகும், இறுகினால் சுருதி ஏறும். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ஒலி என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல சோதனை உண்டா? அடிகளுக்கும் பெயர் உண்டு. சாவடி, சாமியடி, வாழ்த்தடி, சப்பரத்தடி, டப்பா அடி. ஒரு அடிக்குப் பெயரே பாடம் அடி. எழுதி வைக்காததால் பாடம் இல்லை என்று ஆகிவிடுமா? எழுத விடாதவர்களே எழுத்து எங்கே என்று கேட்கக்கூடாது. தத்தகாரச் சொல்லாக நாக்கில் சொல்லித்தான் மிருதங்கமும் கற்றுத்தரப்படுகிறது. எங்கள் அப்பாவும் எனக்கு நாக்கில்தான் சொன்னார். நான்தான் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது நம் பக்கத்து வியாதியையும் சொல்லவேண்டும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்றாலே விடுதிப் பள்ளிகள். கோழிப்பண்ணையும் பள்ளியும் ஒரே கணக்கில் நடக்கிற சீமை. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் பாடத்தை ஊட்டி மார்க் எடை போட்டு அனுப்பினார்கள். அதைப் பார்த்து அரசுப் பள்ளிகளும் காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு என்று இறங்கின. பாட்டு பீரியடு முதலில் செத்தது. நம் தோழர்களே பலர், 'நம்ம புள்ளைக்கு முதல்ல இங்கிலீசும் கணக்கும் வரட்டும், பாட்டெல்லாம் அப்புறம்' என்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்த 'அப்புறம்' உண்டு, மாலையில் வயலின் கிளாஸ் போகும். நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் வேறு இடம் கிடையாது. பண்ணைப்புரத்து இளையராஜா ஆர்மோனியம் பழகியது அண்ணன் பாவலர் வரதராஜனோடு போன கட்சி மேடைகளில். மேற்கத்திய இசைக்குறிப்பு படித்தது சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம். வழியில் கட்சி மேடை இல்லாத, மாஸ்டர் கிடைக்காத பிள்ளைகள் எத்தனை ஊரில் எத்தனை பேர்?

இன்னொன்று. என் தங்கச்சி மகளிடம் கேட்டேன், 'உனக்குப் பறை கத்துக்க ஆசையா?' யோசிக்காமல் சொன்னாள், 'கீபோர்டு, மாமா.' எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பிறகு என் முட்டாள்தனம் உறைத்தது. பறை நம் பிள்ளைக்கு மட்டும் உரியது என்று நானே எழுதிவைத்தால் 2001இல் எங்களை எழுப்பிய ஆசிரியருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவள் கையில் கீபோர்டு போகட்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கவுண்டர் வீட்டுப் பையன் கையில் சுண்டுக்குச்சி போகட்டும். வருகைப் பதிவேட்டு வரிசையில் குச்சி கைமாறட்டும். யாருக்கு வீட்டில் மோளம் இருக்கிறது என்ற கேள்வி வகுப்பறையில் எழவே கூடாது. பள்ளியே வாங்கி பீரோவில் வைக்கட்டும், கணக்கில் எழுதட்டும். அடித்துக் காட்ட வருகிறவருக்கு மணிக்கூலி வேண்டாம், ஆசிரியர் என்ற பெயரும் பன்னிரண்டு மாதச் சம்பளமும் வேண்டும். பட்டயம் இல்லாத மூத்த கலைஞர்களைத் தேர்வு செய்யத் தனி வழி வேண்டும். கையைப் பார்த்துத் தேறவைக்கிற தேர்வாக அது இருக்கட்டும். பள்ளி விருந்தாளியை வரவேற்க, ஊர்வலத்துக்கு, சாமி புறப்பாட்டுக்கு என்று பறை மாணவரை அனுப்பக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையை விட்டுவிட்டு மற்றதெல்லாம் கிடைத்தால் எனக்கு வேண்டாம்.

2007இல் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் வந்தது. அதில் பதிந்தவர்கள் என் கவுன்டருக்குப் பாஸ்புக்கோடு வருகிறார்கள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'கலைஞர்' என்று எழுதட்டுங்களா என்று கேட்பேன். 'கூலின்னே போடுங்க சார், எதுக்கு வம்பு' என்று ஒருத்தர் சொன்னார். விரல் எல்லாம் காய்ப்பு. அவருக்கு என்னைவிட ஐந்து வயது கூட இருக்கலாம்.

மனு தயாராகிவிட்டது. இந்த இதழோடு ஒரு நகல் வைத்திருக்கிறோம். பள்ளிக் கல்வித் துறைக்கும் கலை பண்பாட்டுத் துறைக்கும் போகிறது. தோழர்கள் முதலில் தங்கள் ஊரில் அடித்த, அடிக்கிற, அடிப்பதை நிறுத்திய பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் ஏன் என்று எழுதி அனுப்புங்கள், அதையும் அச்சில் போடுவோம். பிறகு மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் போங்கள்.

முதல் கையெழுத்து அப்பாவிடம் வாங்கினேன். பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தில் தொழில். என்ன போடட்டும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'வெறுமனே உடு. அவங்க என்ன எழுதறாங்கன்னு பாக்கலாம்' என்றார்.